இரும்பின் சாட்சியம்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்னும் முதுமொழியை நம் நாட்டில் அறியாதார் இலர். அறிந்தபடி ஒழுகுவார் மிகச் சிலரே. அச்சிலருள் நம்மையும் ஒருவராக நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். 1986-ஆம் ஆண்டு முதல் தமிழாசிரியராய் வகுப்பறையில் நின்று, சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஆண்டுதோறும் நடத்தியவர் நாம். பொற்கொல்லன் சொல்லை மட்டுமே நம்பி, சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஆராயாமல் தண்டனை விதித்த பாண்டியனின் பிழையை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது நம் குரல் தானாகவே உயரும். அந்த ஆண்டுகளிலெல்லாம் நம் வீட்டு மரப்பெட்டிக்குள்ளேயே, திறந்து பாராத சிலம்பு ஒன்று கிடந்தது என்பதை 2012 வரை நாம் அறியவில்லை.

அது ஒரு பழைய சுழல்துப்பாக்கி. வழக்கில் ரிவால்வர் என்போம். இம்மலருக்குக் கட்டுரை வேண்டும் எனத் துறையினர் கேட்டபோது இலக்கியப் பொருள் ஒன்றையே எழுத எண்ணினோம். ஆயினும் ஒரு மூதாட்டிக்கு நாம் கொடுத்த வாக்கு ஒன்று நிலுவையில் இருந்தது. அதனை நிறைவேற்ற இதைவிடத் தக்க இடம் கிடைக்காது என்று தோன்றியதால், இரும்பைப் பற்றி எழுதத் துணிந்தோம். பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

பாட்டனாரின் ரிவால்வர்

நம் பாட்டனார் பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடியை ஒட்டிய சரிவு ஒன்றில், காப்பித் தோட்டம் வைத்திருந்தார். நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் படர்ந்த மிளகுக்கொடிகள், இடையிடையே மலை ஆரஞ்சும் மலைவாழையும் என்று அமைந்த தோட்டம் அது. ஜீப் செல்லும் பாதை தோட்டத்திற்கு இரண்டு மைல் முன்னரே முடிந்துவிடும். அதற்கு மேல் காப்பி மூட்டையானாலும் அரிசி மூட்டையானாலும் பொதிகுதிரையின் முதுகில்தான் போக வேண்டும். வாரந்தோறும் சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுப்பதற்கான பணமும் அவ்வழியேதான் வரும். அப்பணத்தின் காவலுக்காகப் பாட்டனார் உரிமம் பெற்று வைத்திருந்ததே அந்த ரிவால்வர்.

நாடு விடுதலை பெற்றபின் தாயகம் திரும்பிய ஆங்கிலேயத் தோட்டத்துரை ஒருவரிடமிருந்து அதனை அவர் வாங்கினாராம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் செய்யப்பட்டது. .32 அங்குல விட்டம், ஆறு தோட்டா. 1887-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட வெப்ளி ரிவால்வர் எந்த மடிப்பு முறையைச் சேர்ந்ததோ, அதே முறையைச் சேர்ந்தது இது, உருவில் சிறியது. மேலே உள்ள கொக்கியைப் பெருவிரலால் விடுவித்தால் குழல் கீழ்நோக்கி மடங்கும். மடங்கும்போதே, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவான தகடு ஒன்று எழுந்து, ஆறு அறைகளிலும் உள்ள தோட்டாக்களை ஒருசேர மேலே தூக்கிவிட்டு, மீண்டும் தன் குழியில் சென்று அமர்ந்துகொள்ளும். சிறுவராயிருந்த நமக்கு அந்தத் தகடு எழுந்து அமர்வதைக் காண்பதே பெரும் வேடிக்கை.

பாட்டனார் திங்கள்தோறும் அதனைத் துடைப்பார். குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுப்பார். ஆறு அறைகளையும் துடைப்பார். மேலெல்லாம் எண்ணெய் பூசித் தோல் உறையில் இடுவார். கருவியைப் பேணுவதில் அவரைக் குறைகூற இயலாது என்றே நாம் நினைத்திருந்தோம்.

1972: மலைப்பாதையில் நேர்ந்தது

அத்தோட்டத்தில் கங்காணி ஒருவர் இருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாட்டனாரிடம் பணியாற்றியவர். உரிமதாரரின் சார்பில் ஆயுதத்தை எடுத்துச் செல்லத்தக்கவர் என உரிமத்தில் அவர் பெயரும் எழுதப்பட்டிருந்தது. அந்த அளவுக்கு நம்பிக்கைக்கு உரியவர். வத்தலக்குண்டு சென்று பணம் பெற்று வருவது அவர் பொறுப்பு.

1972-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், பத்து வயதுச் சிறுவராய் நாம் தோட்டத்தில் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை, கூலிப்பணம் ஆயிரத்து எண்ணூறு ரூபாயுடன் மலையேறி வந்த கங்காணியை அரிவாளோடு மூவர் மறித்தனர். மேலே தோட்டத்து ஆட்களின் குரல் கேட்டு அவர்கள் பணப்பையுடன் இறங்கி ஓடிவிட்டனர். கங்காணி இடத்தோளில் வெட்டுக்காயத்துடன் வந்து சேர்ந்தார். கையில் ரிவால்வர் இருந்தது. ஆறு தோட்டாவும் அதில் அப்படியே இருந்தன.

“வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடலாம்னு இழுத்தேங்க ஐயா. விசை பாதியில நின்னுபோச்சு. ரெண்டாந்தடவையும் இழுத்தேன், வரலீங்க” என்று அவர் சொன்னார். சொல்லும்போது அவர் ஆட்காட்டி விரலை மடக்கி மடக்கிக் காட்டியது இன்றும் நம் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூலி பெறாத ஆட்கள் எல்லாரும் பங்களா முற்றத்தில் கூடியிருந்தனர். பாட்டனார் ரிவால்வரை எடுத்து வந்தார். மடக்கித் திறந்து ஆறு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். எந்தத் தோட்டாவின் அடியிலும் சுத்தியல் விழுந்த தழும்பு இல்லை. பிறகு ரிவால்வரை மூடி, எதிரேயிருந்த மண்மேட்டை நோக்கி விசையை இழுத்தார். டக். மறுபடியும் டக். ஆறு முறை இழுத்தார். ஆறு முறையும் உருளை அழகாகச் சுழன்றது. சுத்தியல் எழுந்து விழுந்தது. கங்காணி தலை குனிந்து நின்றார்.

“இரும்பு பொய் சொல்லாது” என்றார் பாட்டனார்.

அச்சத்தால் விரல் மடங்காதவன், தன் கோழைத்தனத்தை மறைக்க ஆயுதத்தின்மேல் பழி போடுகிறான் என்பது அவர் தீர்ப்பு. அதைவிடக் கொடிய ஐயமும் சிலருக்கு எழுந்தது. களவில் அவருக்கும் பங்கு உண்டோ என்று. பாட்டனார் வழக்குத் தொடுக்கவில்லை. அதனைத் தம் பெருந்தன்மை என்று கருதினார். அன்று மாலையே கங்காணி தம் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மலையிறங்கினார். களவாடியவர்கள் பிடிபடவே இல்லை.

அதன்பின் நம் குடும்பத்தில் ஒரு சொல்வழக்கு பிறந்தது. எவரேனும் செய்யத் தவறிய வேலைக்குக் காரணம் சொன்னால், “ஏன், ரிவால்வர் சிக்கிக்கொண்டதோ?” என்று கேட்டுச் சிரிப்போம். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வகுப்புக்குத் தாமதமாக வந்து, பேருந்து பழுதாகிவிட்டது என்று சொன்ன மாணவர் ஒருவரிடமும் நாம் இதையே கேட்டு, கதையையும் சொல்லி, வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறோம்.

ஒரு விரலின் மூன்று வேலைகள்

இனி நிகழ்வதை விளங்கிக்கொள்ளக் கருவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1851-இல் இலண்டன் மாநகரில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், அமெரிக்கராகிய சாமுவேல் கோல்ட்டும் ஆங்கிலேயராகிய ராபர்ட் ஆடம்ஸும் தத்தம் ரிவால்வர்களைக் காட்சிக்கு வைத்தனர். கோல்ட்டின் கருவியில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். பிறகே விசையைத் தொட இயலும். இதனை ஒற்றை இயக்கம் என்பர். ஆடம்ஸின் கருவியிலோ பெருவிரலுக்கு வேலையில்லை. விசையை இழுப்பதே போதும். 1856-இல் பொறியியற் படைப்பிரிவைச் சேர்ந்த பியூமாண்ட் என்னும் இராணுவ அதிகாரி இவ்விரு முறைகளையும் ஒரே கருவியில் இணைத்தார். விரும்பினால் பெருவிரலால் சுத்தியலை நிறுத்தலாம். அவசரமானால் விசையை மட்டும் இழுக்கலாம். இதுவே இன்றளவும் இரட்டை இயக்கம் எனப்படுவது. பாட்டனாரின் ரிவால்வரும் இவ்வகையே.

இரட்டை இயக்கத்தில் விசையை இழுக்கும் ஒரு விரல் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, உள்ளிருக்கும் சிறு நாக்கு ஒன்று மேலெழுந்து, நட்சத்திரத் தகட்டின் நடுவில் உள்ள பற்களுள் ஒன்றைத் தள்ளி, உருளையை அடுத்த அறைக்குத் திருப்புகிறது. இரண்டாவது, சுத்தியல் தன் வில்லின் எதிர்ப்பை வென்று பின்னுக்கு எழுகிறது. மூன்றாவது, அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொண்டதும் சுத்தியல் விடுபட்டு விழுகிறது. இம்மூன்றும் ஒரே இழுப்பில் நடந்தாக வேண்டும். உருளை திரும்ப மறுத்தால் விசையும் பாதியில் நின்றுவிடும். உள்ளே எந்த மூலையில் தடை நேர்ந்தாலும் அது வெளியே தெரிவது விசையை இழுக்கும் விரலில்தான். ஆகவே பழியும் அவ்விரலுக்கே வந்து சேர்கிறது.

மேசைமேல் ஒரு விசாரணை

பாட்டனார் 1983-இல் மறைந்தார். உரிமம் நம் தந்தையாருக்கு மாறியது. தந்தையார் அதனை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. தோட்டா இட்டதும் இல்லை. தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவதும், முடிந்ததும் திரும்பப் பெறுவதுமே அந்த ரிவால்வரின் வரலாறாயிற்று. 2011-இல் தந்தையாரும் மறைந்தார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாத வாரிசு அத்தகைய ஆயுதத்தை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ காலந்தாழ்த்தாமல் ஒப்படைத்தல் வேண்டும். நமக்கு அதனை வைத்துக்கொள்ளும் விருப்பமும் இல்லை. எனவே உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம், தோட்டாப் பெட்டியோடு சேர்த்து ஒப்படைத்தோம். 1972-இல் மேசைமேல் நிறுத்தப்பட்ட அதே ஆறு தோட்டாக்கள், பாட்டனாரின் கையெழுத்தில் நாள் குறித்த சிறு தகரப் பெட்டியில் கிடந்தன. அவற்றை அவர் பிறகு பயன்படுத்தவுமில்லை, எறியவுமில்லை. ஏன் அப்படி வைத்திருந்தார் என்பதை இப்போது கேட்டறிய வழியில்லை.

2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விற்பனைக்கு முன் மதிப்பிடுவதற்காக வணிகர் நம்மை அழைத்தார். அவர் கடையில் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பது சட்டம். அவ்வுரிமத்தின்கீழ் ஐம்பது ஆண்டுகளாக அத்தொழிலே செய்து வந்தவர். அவர் முதலில் ரிவால்வரைத் திறந்து, ஆறு அறைகளும் காலியாக உள்ளனவா என்று பார்த்தார். விளக்கொளியில் மறுபடியும் பார்த்தார். சிறுவிரலை ஒவ்வோர் அறையிலும் வைத்தும் பார்த்தார். பிறகே நம்மை நோக்கினார்.

“இதுல ஏதாச்சும் கோளாறு உண்டா சார்?”

நாம் வழக்கம்போல் சிரித்தோம். “கோளாறு ஒன்றும் இல்லை ஐயா. சிக்கிக்கொண்டது என்று ஒருவர் சொன்னார், அது பெரிய கதை” என்று தொடங்கி முழுவதையும் சொன்னோம். கதையின் முடிவில் எல்லாரும் சிரிப்பது வழக்கம். அவர் சிரிக்கவில்லை.

“உங்க தாத்தா சோதிச்சப்ப தோட்டா இருந்துச்சா, இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லை. எடுத்துவிட்டுத்தான் சோதித்தார்.”

“எடுத்துட்டுத்தான் சோதிக்கணும், அது சரி. ஆனா அந்த மனுசன் கையில இருந்தப்ப தோட்டா இருந்துச்சே?”

நாற்பது ஆண்டுகளாக அக்கதையைச் சொல்லி வந்த நமக்கு இந்த வினா ஒருமுறையும் தோன்றியதில்லை.

பெரியவர் வேலையைத் தொடங்கினார். திருப்புளியை அவர் தொடவே இல்லை என்பது நமக்கு வியப்பாக இருந்தது. பக்கத்தட்டின் திருகாணிகளைப் பார்த்து, “காடி சேதமாகல. யாரும் பிரிக்கல. நல்லது” என்று மட்டும் சொன்னார். நோய் இன்னதென்று தெரியுமுன் பிரிப்பவன், பழைய கோளாற்றோடு புதிய கோளாறு ஒன்றையும் சேர்த்துவிடுவான் என்பது அவர் கொள்கை. காலியான ரிவால்வரின் விசையை மெல்ல மெல்ல இழுத்து, ஆறு அறைகளும் முறையே வந்து பூட்டுகின்றனவா என்று பார்த்தார். பூட்டின. சுத்தியலைப் பெருவிரலால் இழுத்தும் பார்த்தார். குறையில்லை. உள்ளிருக்கும் ‘வி’ வடிவ வில்லின் வலிமையும் குறையவில்லை. பாட்டனார் கண்டதும் இவ்வளவே.

அதன்பின் இழுப்பறையிலிருந்து வெடிமருந்தோ, வெடிக்கும் கேப்போ இல்லாத ஆறு போலித் தோட்டாக்களை எடுத்தார். உருவமும் அளவும் மெய்த் தோட்டா போலவே இருக்கும், வெடிக்க மாட்டா. அவற்றை இட்டு மூடி விசையை இழுத்தார். முதல் அறை வந்தது. இரண்டாவது சற்று இறுக்கமாக வந்தது. மூன்றாவதில் விசை பாதி வழியில் நின்றது.

“நீங்க இழுங்க சார்” என்று நம் கையில் கொடுத்தார். இழுத்தோம். ஆட்காட்டி விரல் பாதி மடங்கியதும் கல்லைத் தொட்டதுபோல் நின்றது. முற்றத்தில் கங்காணி விரலை மடக்கிக் காட்டிய அதே இடம். நமக்கு உடல் நடுங்கிற்று.

பெரியவர் அத்துடன் நிறைவடையவில்லை. குற்றம் தோட்டாவிலா, ரிவால்வரிலா என்று பிரித்தறிய வேண்டும் என்றார். இறுகிய அறையிலிருந்த தோட்டாவை எடுத்து எளிதாகச் சுழன்ற அறையிலும், அங்கிருந்ததை இங்கும் மாற்றியிட்டார். இறுக்கம் தோட்டாவோடு போகவில்லை. பழைய அறையிலேயே நின்றது. ஆகவே குற்றம் ரிவால்வரில்தான். அடுத்து, உருளையின் பின்புறத்துக்கும் அதனை ஒட்டிய பின்தடுப்புக்கும் இடையே மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்த்தார். அவ்விடத்தில் தோட்டாவின் விளிம்பு நகர இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. தாள் ஓரிரண்டின் கனமே இருக்கும். ஒரு பக்கம் அந்த இடைவெளி குறைந்திருந்தது.

கடைசியாக ரிவால்வரை மடக்கித் திறந்து, நட்சத்திரத் தகட்டை விரலால் உயர்த்திப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை நம்மிடம் தந்தார். தகடு அமரும் குழியின் ஒரு மூலையில் அரக்குப் போன்ற கரிய படிவு ஒன்று ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டு, மூங்கில் குச்சியால் சிறிது சிறிதாக அதனைச் சுரண்டி வெள்ளைத் தாளில் வைத்தார். காய்ந்து இறுகிய எண்ணெய். அதனுள் புதைந்திருந்தவை எரியாது எஞ்சிய வெடிமருந்துத் துகள்கள் நாலைந்து.

“அந்தச் சம்பவத்துக்கு முன்னாடி இதைச் சுட்டாங்களா?”

சுட்டார்கள். பெரியவர் கேட்டதும் நமக்கு நினைவு வந்தது. வழிமறிப்புக்குச் சில நாட்களுக்கு முன், பழைய தோட்டாக்கள் நல்ல நிலையில் உள்ளனவா என்று பார்ப்பதற்காகப் பாட்டனார் மண்மேட்டை நோக்கிச் சுட்டார். நாம் காதைப் பொத்திக்கொண்டு அருகில் நின்றோம். ஒவ்வொரு முறையும் குழலைத் தரையை நோக்கித் தாழ்த்தியே ரிவால்வரைத் திறந்தார். பாதுகாப்புக்கு அதுவே முறை என்பது அவர் எண்ணம். வெற்றுறைகளோடு மிளகுத்தூள் போன்ற துகள்கள் சிந்தியதை நாம் கண்டிருக்கிறோம்.

பெரியவர் விளக்கினார். பழைய தோட்டாக்களில் மருந்து முழுவதும் எரியாது. குழல் தாழ்ந்திருக்கும்போது உருளையின் பின்புறம் மேலே பார்த்திருக்கும். உயர்ந்து நிற்கும் நட்சத்திரத் தகட்டின் அடியில் அத்துகள் விழும். தகடு அதன்மேல் அமரும், முழுமையாக அமராது. தோட்டாவின் விளிம்பு அத்தகட்டின்மேல் தங்குவதால் அதுவும் மயிரிழை உயரும், பின்தடுப்பில் உராயும், உருளை நிற்கும். தோட்டா இல்லாதபோது உராய விளிம்பே இல்லை. ஆகவே தடையும் இல்லை. பாட்டனார் குழலைத் துடைத்தார், அறைகளைத் துடைத்தார், தகட்டின் அடியைத் துடைக்கவில்லை. செய்தவர் மேல் குற்றமில்லை. பேணியவர் மேல்தான் குற்றம்.

தகரப் பெட்டியிலிருந்த பழைய தோட்டாக்களையும் அவர் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றின் அடிப்புறத்தையும் கண்ணாடியில் பார்த்து, இரண்டைத் தனியே வைத்தார். அவ்விரண்டின் விளிம்பிலும் பிறைபோல் வளைந்த உராய்வுத் தடம் ஒன்று பித்தளையில் பதிந்திருந்தது. சுத்தியல் தழும்பைத் தேடிய பாட்டனாரின் கண்ணுக்கு அது தென்படவில்லை. அவர் தேடியது அதுவன்று.

“அப்படியானால் கங்காணி சொன்னது உண்மைதானே?” என்று கேட்டோம்.

“அன்னிக்கி நான் அங்க இல்ல சார். சிக்குற துப்பாக்கி இது. அதை நான் எழுதியே தருவேன். அந்த ரெண்டு தோட்டாவும் எங்கயோ இறுகி உரசியிருக்கு, அதையும் சொல்லுவேன். மத்ததை நீங்கதான் சொல்லணும்” என்றார் அவர்.

குழியைத் துடைத்தபின் போலித் தோட்டாக்களை மறுபடியும் இட்டார். ஆறு அறைகளும் தடையின்றிச் சுழன்றன. எந்த உறுப்பையும் மாற்றவில்லை, எதையும் அராவவில்லை. ஒரு மூங்கில் குச்சியால் தீர்ந்த கோளாற்றுக்காக ஒரு குடும்பம் மலையிறங்கியிருந்தது.

வாக்கு

கங்காணியின் குடும்பத்தைத் தேடிக் கண்டறிய நான்கு திங்கள் ஆயின. அவர் 1990-இலேயே இறந்துவிட்டார். அன்று கைக்குழந்தையாய் மலையிறங்கிய மகன், நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகைத் தரகு செய்து வந்தார். சந்தை ஓய்ந்த நேரத்தில், சாக்கு விரிப்பில் அமர்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பெரியவர் எழுதிக் கொடுத்த தாளையும் காட்டினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“எங்கப்பா சாகுற வரைக்கும் இதையேதான் சார் சொன்னாரு. நாங்க அன்னிக்கே நம்புனோம். நீங்க இப்பத்தான் நம்புறீங்க” என்றார்.

அதில் சினம் இல்லை. ஆனால் நாம் எதிர்பார்த்துச் சென்ற நன்றியும் இல்லை. நன்றியை எதிர்பார்த்துச் சென்றோம் என்பதையே அப்போதுதான் உணர்ந்தோம்.

அவர் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தாயாருக்குக் காது மந்தம். உரக்கச் சொல்ல வேண்டும் என்றார். அம்மூதாட்டியின் முன் அமர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னோம். துகள், தகடு, விளிம்பு என்று நாம் விளக்கியவை அவருக்கு எவ்வளவு விளங்கினவோ தெரியாது. முடிவில் அவர் ஒன்றே கேட்டார்.

“அந்த வாரம் கூலி வாங்காத வீடெல்லாம் எங்களைத்தான் ஏசுச்சு தம்பி. முற்றத்துல அத்தனை பேரு பார்க்கத்தானே சொன்னாரு உங்க தாத்தா? அத்தனை பேருகிட்டயும் நீ சொல்லுவியா?”

சொல்வதாக வாக்களித்தோம். தோட்டம் எப்போதோ கைமாறிவிட்டது. அன்று முற்றத்தில் நின்றவர்களுள் நாம் கண்டுபிடிக்க முடிந்தவர் மூவரே. அவர்களிடம் நேரில் சொன்னோம். எஞ்சியோர் எங்கெங்கோ சென்றுவிட்டனர். பலர் இன்று இல்லை. ரிவால்வர் வணிகர் வழியாக வேறோர் உரிமதாரரிடம் போய்விட்டது. பேருந்து பழுதாகிவிட்டது என்று சொன்ன அந்த மாணவரையும் நாம் தேடினோம். முகம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. அவர் இதனைப் படிக்க நேர்ந்தால் நம்மைப் பொறுத்தருள வேண்டும்.

பலர் முன்னிலையில் சொல்லப்பட்ட பழி, தனியறையில் திரும்பப் பெறுவதால் தீர்வதில்லை. ஆகவே அதனை இங்கே அச்சில் சொல்கிறோம்: 1972-இல் நம் பாட்டனாரின் தோட்டத்துக் கங்காணி கோழையல்லர், களவுக்கு உடந்தையும் அல்லர். அவர் விசையை இழுத்தார் என்றே நாம் நம்புகிறோம். அது சிக்கக்கூடிய நிலையில் இருந்தது. அந்நிலைக்கு அதனைப் பேணிய நம் வீட்டாரே பொறுப்பு.

நம் பாட்டனார் கொடியவர் அல்லர். அவர் சோதிக்காமல் தீர்ப்பளிக்கவும் இல்லை. ஆறு முறை சோதித்தார். பலர் காணச் சோதித்தார். இரும்பு பொய் சொல்லாது என்று அவர் சொன்னதும் பொய்யன்று. இரும்பு தன்னிடம் கேட்ட கேள்விக்கு விடை சொன்னது. தோட்டா இல்லாதபோது சுழல்வாயா என்று அவர் கேட்டார், சுழல்வேன் என்றது. தோட்டா இருக்கும்போது சுழல்வாயா என்று எவரும் கேட்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் ஆசிரியராகலாம், அலுவலராகலாம், ஊர்ப் பஞ்சாயத்தில் அமரலாம். ஒருவர் தம்மால் இயலவில்லை என்று உங்கள்முன் வந்து நிற்பார். அவர் தூக்கி வந்த சுமையை இறக்கி வைத்துவிட்டு, இப்போது நடந்து காட்டு என்று சொல்லாதீர்கள். எந்தச் சுமையோடு எந்த வழியில் அவர் கால் இடறிற்றோ, அந்தச் சுமையோடு அந்த வழியைச் சோதியுங்கள். அவ்வாறு சோதிக்க இயலாதபோது, தீர்ப்பை நிறுத்தி வையுங்கள். நாற்பது ஆண்டுகள் காத்திருக்க எல்லாருக்கும் ஆயுள் வாய்ப்பதில்லை.